பலகை எடுக்கும் நாள்

ஒரு பொருள் எப்போது நம்முடையதாகிறது? அதைச் செய்யும்போதா, கெடுக்கும்போதா? டோரீன் ஹெய்க்கிலாவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடுகிறது. அவர் பெரிதாக எதையும் சாதித்தவர் அல்லர். முப்பத்தேழு ஆண்டுகள் எங்கள் மாவட்டச் சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தார். நன்றாக வேலை செய்பவர். ஆனால் அவரைவிடக் கெட்டிக்காரர்களும் அங்கே இருந்தார்கள். டாமரக் சாலை என்ற பதினான்கு மைல் சாலை போடப்பட்டபோது அவர் அங்கே நின்றார். அது உடைந்ததில் அவருக்குப் பங்கிருந்தது. கடைசியில் அதை அரைத்துத் தூளாக்கியதும் அவர்தான். அவருடைய கதை என்று சொன்னால் இவ்வளவுதான்.

நான் அதே அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற மேசையில் இருந்தேன். பொறியாளர் கையெழுத்திடும் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. அதனால் சில விஷயங்கள் எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்ததும் உண்டு.

மிச்சிகனின் வட மூலையில் எங்கள் ஊர் பெல்டன். ஊரிலிருந்து டாமரக் சாலை சதுப்புக் காட்டைக் குறுக்காகக் கடந்து ஆற்றோரத்து பிளைவுட் ஆலைக்குப் போகிறது. 1977 வரை அது மண் சாலை. ஆலையில் மூன்று ஷிப்டு ஓடத் தொடங்கியதும் மாவட்டத்துக்கு வரி வந்தது, வரி வந்ததும் தார் வந்தது. அந்தக் கோடையில் டோரீனுக்கு இருபத்தொரு வயது. ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெதுவாக' என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. பதினான்கு மைலும் தார் உருளையின் பின்னால் நடந்தே வந்திருக்கிறார். வேலை முடிந்த அன்று ஆலையின் மூன்று மணி ஷிப்டு விட்டது. நூறு கார்கள் வரிசையாகப் புதுத் தாரில் ஏறின. அதுவரை கல்லும் தூசியுமாகக் கடகடவென்று போன கார்கள் அன்று ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டு போயின. அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் டோரீன் பிற்காலத்தில் இரண்டு மூன்று முறை பேசியிருக்கிறார். வேறு எதைப் பற்றியும் அவர் அப்படித் திரும்பத் திரும்பப் பேசியதில்லை.

ஒன்பதாவது மைலில் பெற்றோர் விட்டுப்போன வீட்டில் அவர் இருந்தார். திருமணம் ஆகி நான்கு ஆண்டில் முடிந்துபோயிருந்தது. அரை மைல் தள்ளி அண்ணன் வெய்னோவின் வீடு. வெய்னோ ஆலையின் மரக் கொட்டடிக்கு மேஸ்திரி. சனிக்கிழமை தோறும் டோரீன் வீட்டுக் கொல்லையில் இருந்த சவுனா என்ற நீராவிக் குளியல் அறையில் இருவரும் வேர்வை வழிய உட்கார்ந்துவிட்டு, பிறகு படியில் காப்பிக் குவளையோடு காற்று வாங்குவார்கள். ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பங்களில் அது வாராவாரம் நடக்கிற காரியம். அதிகம் பேசமாட்டார்கள். ஆலைத் தொழிலாளி பெர்ட்டுவின் கார் சாலையில் போனால், கண்ணால் பார்க்காமலே, "பெர்ட்டு டயர் மாத்திட்டான்" என்பார் வெய்னோ. "மாத்தல. காத்து அடிச்சிருக்கான்" என்பார் டோரீன்.

எங்கள் பக்கம் குளிர்காலத்தில் தரை ஐந்தடி ஆழத்துக்கு உறையும். அப்போது சாலை பாறையைவிடக் கெட்டி, எவ்வளவு பெரிய லாரியும் போகலாம். ஆபத்து மார்ச் மாதத்தில்தான். தரை மேலிருந்து கீழாக இளகும். மேலே ஓரடி இளகி, கீழே நான்கடி பனியாகவே இருக்கும்போது, உருகிய நீர் இறங்க வழியில்லாமல் தாருக்கும் பனிக்கும் நடுவில் தேங்கிவிடும். பார்வைக்கு வெயிலில் காய்ந்த நல்ல சாலைதான், ஆனால் உள்ளே கஞ்சி. அந்த ஐந்தாறு வாரம் மர லாரிகள் முழுப் பாரத்தோடு ஓடக்கூடாது என்று சாலையின் இரு முனையிலும் மஞ்சள் பலகை வைப்போம். உறைபனிச் சட்டம் என்று ஊரில் பெயர். ஆலைக்காரர்கள் அதற்குள் மரத்தைக் கொண்டுவந்து குவித்துக்கொள்ள வேண்டும். பலகை எடுக்கும் நாள்தான் எங்களுக்கு வசந்தம்.

பலகையை எடுக்கலாமா என்று சொல்லும் பொறுப்பு டோரீனிடம் வந்து சேர்ந்தது. அவரிடம் ஆறடி இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. சாலையோரத்தில் சம்மட்டியால் அடித்து இறக்குவார். கீழே பனி இருந்தால் அதில் முட்டிக் கம்பி நின்றுவிடும். முட்டாமல் ஐந்தடியும் இறங்கினால் பனி போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் நீர் வடிய ஒரு வாரம் பொறுப்பார். பள்ளிப் பேருந்து போகும் நேரத்தில் குந்தி உட்கார்ந்து, சக்கரம் அழுத்தும்போது தார் விரிசலில் தண்ணீர் துளிர்க்கிறதா என்று பார்ப்பார். அளவையெல்லாம் ஒரு சிறிய நோட்டில் குறித்து வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருப்பார். பிறகு அலுவலகத்துக்கு வந்து, "ஆயிடுச்சு" என்பார். பொறியாளர் லெஸ்டர் பெலாஞ்சே கையெழுத்துப் போடுவார். அவர் ஒருநாளும் நோட்டைக் கேட்டதில்லை.

1999-இல் குளிர்காலம் சரியாக வரவில்லை. பனி வாரிய சாலைக்கு அடியில் உறைந்ததே தவிர, காட்டுக்குள் தரை உறையாததால் மரம் வெட்டி இழுக்க முடியவில்லை. கொட்டடி பாதிகூட நிறையாத நிலையில் மார்ச் பிறந்து பலகை ஏறிவிட்டது. ஏப்ரல் முதல் வாரத்துச் சனிக்கிழமை சவுனாப் படியில் நடந்த பேச்சைப் பல ஆண்டுகள் கழித்து வெய்னோதான் எனக்குச் சொன்னார்.

"கொட்டடியில நாலு நாளைக்குத்தான் மரம் இருக்கு டோரீன்."

"கம்பி மூணடியில நிக்குது."

"மூணடியில நின்னா என்ன? ரோடு ரோடாத்தானே இருக்கு."

"மேல பாத்தா அப்படித்தான் இருக்கும்."

வெய்னோ காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாராம்: "ரெண்டாம் ஷிப்ட்ட நிறுத்தறாங்க. அறுபது பேரு. அந்த லிஸ்ட்ட நின்னு வாசிக்கறது நான்தான். அதுல முதல் பேரு பெர்ட்டு."

டோரீன் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து "ஆயிடுச்சு" என்றார். லெஸ்டர் கையெழுத்திட்டார். நான் தட்டச்சு செய்தேன். அன்று மத்தியானம் டோரீனின் வண்டியிலிருந்து ஒரு சாவியை எடுக்கப் போனபோது நோட்டு திறந்து கிடந்தது. சனிக்கிழமைக்கு நேராக மூன்றடி என்று இருந்தது. திங்கட்கிழமைக்கு நேராக ஒன்றும் இல்லை. மூன்றடியில் இருக்கும் பனி இரண்டு நாளில் போகாது என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நியாயமாகப் பார்த்தால் பலகை இன்னும் ஒன்பது நாள் நின்றிருக்க வேண்டும்.

மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. லாரிகள் வரிசையாகப் போயின. நான்காம் நாள் ஆறாவது மைலில், சதுப்பின் நடுவே, தார் பாய் போல நெளிந்தது. மறுநாள் அங்கே முதலைத் தோல் மாதிரி வெடிப்பு. மே மாதம் பிறந்தபோது சாலையில் நான்கு மைலுக்கு அடித்தளமே போயிருந்தது. அந்த ஆண்டு மழை அதிகம் என்று லெஸ்டர் அறிக்கையில் எழுதினார். மழை அதிகம்தான். ஆலையில் இரண்டாம் ஷிப்டு நிற்கவில்லை. பெர்ட்டு வேலையில் இருந்தார். ஆலையை விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் அவர் காரின் அச்சு முறிந்தது. அதை அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு ஆண்டு கழித்து ஆலையை வெளியூர் முதலாளிகள் யாரோ வாங்கினார்கள். வாங்கிய ஆறாவது மாதம் மூடினார்கள். சாலை உடைந்ததற்கும் ஆலை மூடியதற்கும் சம்பந்தம் இல்லை. நல்ல சாலை இருந்திருந்தாலும் மூடியிருப்பார்கள். இதை நான் டோரீனிடம் ஒருமுறை சொன்னேன். "அது தெரியும்" என்றார். அப்படிச் சொன்னதில் ஆறுதல் எதுவும் தெரியவில்லை. பலனில்லாமல் போனது என்பதால் ஒரு தவறு சிறியதாகிவிடுமா, பெரியதாகிவிடுமா என்று நானும் யோசித்திருக்கிறேன். முடிவுக்கு வரவில்லை.

வெய்னோ விஸ்கான்சினில் ஒரு காகித ஆலைக்குப் போனார். போகிற அன்று ஆறாவது மைலில் டோரீன் குழி அடைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் லாரியிலிருந்தபடியே தார்க் கலவையை மண்வாரியால் குழியில் வீசிவிட்டு நகர்வார்கள். டோரீன் இறங்கி, குழியின் ஓரங்களைச் சதுரமாக வெட்டி, நீரைத் துடைத்து, கலவையைக் கொட்டி இடிப்பார். ஒரு குழிக்கு இருபது நிமிடம். அதே குழி அடுத்த வசந்தத்தில் மறுபடி வரும். வெய்னோ வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"பல் டாக்டரு கூட ஒரு பல்லுக்கு இவ்வளவு பாக்கமாட்டான்."

"போறியா?"

"போறேன். ரோட்ட நல்லா வெச்சிரு. வேல வந்தா திரும்பி வர்றேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் டோரீன் அந்தச் சாலையை வைத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தவர்கள் அதை விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள். மாவட்டத்தில் முந்நூறு மைல் சாலை இருந்தது. மற்ற சாலைகளில் வேலை நேரத்தில் வேலை செய்தார். டாமரக் சாலையில் ஞாயிற்றுக்கிழமையும் செய்தார்.

அந்தப் பத்து ஆண்டுகளில் எங்கள் மாவட்டத்தில் எதுவும் ஒரேயடியாகப் போகவில்லை. பெல்டன் பள்ளிக்கூடத்தை முப்பது மைல் தள்ளி இருந்த பள்ளியோடு சேர்த்தார்கள். நூலகம் வாரத்தில் இரண்டு நாள் என்று ஆனது. தபால் நிலையம் காலையில் நான்கு மணி நேரம். ஆம்புலன்ஸை அடுத்த மாவட்டத்தோடு பங்கு போட்டுக்கொண்டோம். கூப்பிட்டால் ஐம்பது நிமிடத்தில் வரும், டாமரக் சாலைக்கு என்றால் அதற்கு மேலும் ஆகும். நடுத்தெருவில் ஒன்றுவிட்டு ஒரு விளக்கை அணைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் இது தற்காலிகம் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

தொலைபேசியில் வரும் புகார்களில் ஊரின் குணம் தெரியும். "என் கார் பார்ட்டு ஒண்ணு உங்க குழியில கெடக்கு. பத்திரமா எடுத்து வையுங்க, வெள்ளிக்கிழம வந்து வாங்கிக்கறேன்" என்பார் ஒருவர். பதினோராவது மைலில் தனியாக இருந்த லுண்டீன் அம்மாள் வாரம் ஒருமுறை கூப்பிடுவார். ஒரு வசந்தத்தில் அவர் வீட்டு வாசலில் இருந்த பெரிய குழியில் காட்டு வாத்து ஜோடி வந்து இறங்கிவிட்டது. "அது குஞ்சு பொரிச்சிட்டுப் போகட்டும். அப்புறம் வந்து அடைங்க" என்றார். டோரீன் அதைச் சுற்றி நான்கு செந்நிறக் கூம்புகளை வைத்துவிட்டு வந்தார். ஜூன் வரை அவை அங்கேயே நின்றன.

சாலைக்கென்று தனி வரி போடலாமா என்று 2008-இல் வாக்கெடுப்பு நடந்தது. நாற்பத்தோரு வாக்கில் தோற்றது. வேண்டாம் என்று போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டை விற்க முயன்று விற்க முடியாதவர்கள். மறு ஆண்டு சாலைக் குழு கூடி, குழி அடைக்கும் செலவுக்கு டாமரக் சாலையை அரைத்துச் சரளையாக்கிவிடுவதே மேல் என்று தீர்மானித்தது. சரளைச் சாலையை கிரேடர் வண்டியால் சீவிச் சமன் செய்தால் போதும், குழி என்ற பேச்சே இருக்காது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. தார் அரைக்கும் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர் டோரீன் ஒருவர்தான்.

லெஸ்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். வேறு மாவட்டத்திலிருந்து ஆள் கூப்பிடலாம் என்றும் சொன்னார். "எதுக்கு? அவன் அந்த ரோட்டக் கண்டானா?" என்றார் டோரீன்.

ஆகஸ்டில் பன்னிரண்டு நாள் அரைத்தார். நான் ஒருநாள் மத்தியானம் குடிநீர் கொண்டுபோனேன். ஆறாவது மைலில் இயந்திரம் நின்றிருந்தது. அரைபட்ட விளிம்பில் தார் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகத் தெரிந்தது. டோரீன் மண்டியிட்டு உட்கார்ந்து கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு அடுக்காக விரலை வைத்தார். இது 2006, பொடிக்கல் சரியில்லை. இது 2003. இது ஆலை மூடிய வருஷம். அடியில் கறுப்பாக, ஒரு விரல் பருமனில், கெட்டியாக இருந்ததைத் தொட்டபோது ஆண்டைச் சொல்லவில்லை. அதன் கீழே ஈர மண் இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி ஏறினார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒன்பதாவது மைலில் போகும் ஒவ்வொரு காரும் ஒரே சத்தம்தான் போட்டது. "இப்ப யாரு போறாங்கன்னே தெரியல" என்றார் டோரீன், காப்பி ஊற்றிக்கொண்டே. அது புகார் இல்லை, தகவல் மாதிரிதான் சொன்னார்.

2011 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. மரத்தூளை அழுத்திக் கணப்புக்கு எரிபொருள் குச்சிகள் செய்யும் கம்பெனி ஒன்று மூடிக் கிடந்த ஆலையை எடுத்துக்கொள்ள வருகிறது. இருபத்திரண்டு பேருக்கு வேலை. மரக் கொட்டடியை அறிந்த ஆள் வேண்டும் என்று தேடி, விஸ்கான்சினில் வெய்னோவைப் பிடித்திருந்தார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. மார்ச் கடைசியில் ஒரு பெட்டியோடு வந்து டோரீன் வீட்டில் இறங்கினார்.

அந்தப் பதினைந்து நாள் டோரீன் வேறு ஆளாக இருந்தார். ஏலக்காய் மணக்கும் பின்னல் ரொட்டி சுட்டு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். அவருக்கு ரொட்டி சுடத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். சவுனா அறையின் பலகைகளை மாற்றினார். அரை மைல் தள்ளி இருந்த அண்ணன் வீட்டின் கூரைக்கு விலை விசாரித்தார். வெய்னோவும் இடையிடையே அலுவலகத்துக்கு வந்து என் மேசையோரம் உட்கார்ந்து பேசுவார். பழைய சவுனாப் படிப் பேச்சை அப்போதுதான் சொன்னார். அந்த ஒன்பது நாளைப் பற்றி அவருக்குத் தெரியும். டோரீனிடம் அதற்கு நன்றி சொன்னதில்லை, மன்னிப்பும் கேட்டதில்லை என்றார். எதைச் சொல்வது என்று தெரியாததால் இரண்டையும் விட்டுவிட்டாராம்.

ஏப்ரலில் கம்பெனிக்காரர்கள் அவசரப்பட்டார்கள். இயந்திரங்கள் ஐம்பது லாரியில் வர வேண்டும். ஏப்ரல் பதினைந்துக்குள் ஆலைக்குள் இறங்காவிட்டால் அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். வேறொரு மாவட்டம் ஏரிக்கரையில் தார்ச்சாலையோடு ஓர் இடம் காட்டிக்கொண்டிருந்தது. டாமரக் சாலையின் இரு முனையிலும் மஞ்சள் பலகை நின்றது. சாலைக் குழுவினர் ஐந்து பேரும் எடுத்துவிடலாம் என்றார்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

லெஸ்டர் டோரீனைக் கூப்பிட்டார். "நான் ஒருநாளும் உன் நோட்டக் கேட்டதில்ல. இப்பவும் கேக்கல. அது சரள ரோடு. பள்ளம் விழுந்தா ஜூன்ல ஒரு தடவ சீவி விட்டா போச்சு. நீ ஒரு வார்த்த சொல்லு, போடறேன்."

"திங்கக்கெழம பாத்துட்டு சொல்றேன்."

திங்கட்கிழமை காலை வெய்னோவும் கூடப் போனார். ஆறாவது மைலில் டோரீன் கம்பியைப் பிடித்தார், வெய்னோ சம்மட்டியால் அடித்தார். இரண்டரை அடியில் கம்பி நின்றது. இன்னும் நாலு தடவை அடித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. வெய்னோ சம்மட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒடையறதுக்கு என்ன இருக்கு டோரீன்?"

டோரீன் கம்பியைப் பிடுங்கித் துணியால் சேற்றைத் துடைத்தார். நோட்டை எடுத்துக் குறித்தார். 

அலுவலகத்தில் லெஸ்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அறிவிப்பை நான் தயாராகத் தட்டச்சு செய்து அவர் முன்னால் வைத்திருந்தேன், தேதி மட்டும் போடவில்லை. வெய்னோ கதவோரம் தொப்பியோடு நின்றார். டோரீன் உள்ளே வந்தார்.

"இன்னும் ஆகல" என்றார்.

லெஸ்டர் வெய்னோவைப் பார்த்தார். வெய்னோ தரையைப் பார்த்தார். டோரீன் சொல்லை மீறி அவர் கையெழுத்திட்டிருக்கலாம், அதற்கு அதிகாரம் அவரிடம்தான் இருந்தது. முப்பது ஆண்டுப் பழக்கம் அவரை விடவில்லை. பேனாவை மூடினார்.

கம்பெனி ஏரிக்கரைக்குப் போனது. ஊரில் இரண்டு மாதம் டோரீனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிரே வண்டியில் வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அவருக்கு யாரும் விரலைத் தூக்கவில்லை. பழைய தவறுக்குத் தண்டனையை இப்போது தனக்கே கொடுத்துக்கொள்கிறார், அதில் எங்களையும் சேர்த்துக்கொண்டார் என்றார் ஒருவர். அந்தத் தவறைப் பற்றி ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. இல்லை, சாலை மேல் உள்ள வெறி என்றார்கள் சிலர். அப்படியானால் நல்ல விஷயம்தான் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணன் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் பத்து ஆண்டு ஏங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஏக்கத்துக்கு எதிராக அவர் எதை வைத்தார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டரை அடி என்ற ஓர் அளவையா?

அதோடு விட்டிருந்தால் அவர் கண்டிப்பான ஆள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் வெய்னோ புறப்பட்ட நாள் ஒன்று இருக்கிறது.

அது அந்த வாரம் வெள்ளிக்கிழமை. பலகைகள் இன்னும் நின்றன. காலை எட்டு மணிக்கு லுண்டீன் அம்மாள் கூப்பிட்டார்.

"உங்க பெரிய வண்டி இப்பத்தான் என் வாசலத் தாண்டிப் போகுது. பின்னாடியே ஒரு காரு, சாவு ஊர்வலம் மாதிரி. யாரு செத்தது?"

யாரும் சாகவில்லை என்றேன். கொட்டகையில் போய்ப் பார்த்தேன். கிரேடர் வண்டி இல்லை. பதினைந்து டன் எடை. ஈரத் தரையில் அதை இறக்கவே கூடாது என்பது எங்கள் ஆட்களுக்கு முதல் பாடம். சீவினால் சேறுதான் புரளும், சக்கரம் பதிந்த இடம் கோடைவரை ஆறாது. பலகை சொல்லும் எடைக்கு மேல் ஒரு கல்லும் அந்தச் சாலையில் ஏறக்கூடாது என்று நான்கு நாளைக்கு முன்னால் சொன்னவர் டோரீன்தான்.

நான் காரை எடுத்துக்கொண்டு, டாமரக் சாலை ஊர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் சேரும் சந்திப்புக்குப் போய் நின்றேன். பத்து மணி இருக்கும். தூரத்தில் சதுப்பைத் தாண்டி மஞ்சள் வண்டி தெரிந்தது. ஆள் ஓடும் வேகம், அவ்வளவுதான். சீவும் தகட்டை இறக்கி, குளிர்காலத்துப் பள்ளங்களையும் மேடுகளையும் சீவி ஒதுக்கிக்கொண்டே வந்தார். பின்னால் இருபதடி விட்டு வெய்னோவின் கார், பெட்டி பின் இருக்கையில். அகலமான சாலை, எப்போது வேண்டுமானாலும் அவர் ஒதுங்கி முந்திப் போயிருக்கலாம். முந்தவில்லை. ஒன்பதாவது மைலிலிருந்து ஆலை வரை போய், அங்கே திரும்பி, பதினான்கு மைலும் அப்படியே வந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆலைப் பக்கம் போக வெய்னோவுக்கு வேலை எதுவும் இல்லை.

தார் தொடங்கும் இடத்தில், மஞ்சள் பலகைக்கு நேராக, டோரீன் தகட்டைத் தூக்கி வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை. வெய்னோ அருகில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். டோரீனும் தூக்கினார். கார் நெடுஞ்சாலையின் தாரில் ஏறியது, ரீங்காரம் கேட்டது, கேட்காமல் போனது.

டோரீன் வண்டியைத் திருப்பினார். வந்த வழியே, தான் சீவி வைத்த ஈரச் சாலையில் பதினைந்து டன்னையும் ஏற்றி, தகட்டை இறக்காமல் வீட்டுக்குப் போனார். பலகை அதற்குப் பிறகு ஏழு நாள் நின்றது.